ஐந்தரைக் கட்டை

ஆவடியில் காலை எட்டேகாலுக்குப் புறப்படும் மின்சார ரயிலில் அன்றைக்குச் சண்முகசுந்தரம் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். தினமும் அப்படி வருகிற மனிதர்தானே. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டு, கிண்ணத்தில் ஏதாவது போட்டுவிட்டுப் பட்டரவாக்கத்தில் இறங்கிப் போகிறவர். அன்றைக்கென்று கேட்டுவிட்டார்.

"ஏ நாகப்பா, நானும் ரொம்ப நாளாக் கேக்கணும்னு நெனைக்கேன். போன வருஷம் அந்தம்மாவுக்கு அஞ்சரைக் கட்டையில சுருதி வச்சே. இப்ப மூணுல வந்து நிக்கே. என்னப்பா இப்படி எறக்கிக்கிட்டே போறே?"

நாகப்பனின் இடது கை ஆர்மோனியத் துருத்தியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளை, அவன் பெண்சாதி வேம்புலியம்மாள் கிண்ணத்தோடு பெட்டியின் அந்தக் கோடிக்குப் போயிருந்தாள். சில்லறை குலுங்கும் சத்தம் தூரத்தில் கேட்டது.

"மெல்லமா சார்," என்றான் நாகப்பன், முகமெல்லாம் வியர்த்து. "அத்துக்குத் தெரியாது. தெரியாமதான் எறக்கிகினு வரேன்."

கட்டை என்றால் வேறொன்றுமில்லை, சுருதிதான். ஆர்மோனியத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, வலப்பக்கம் போகப் போகக் குரல் ஏறும், இடப்பக்கம் வர வர இறங்கும், கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு. பாடுகிறவரின் குரல் எந்தக் கட்டையில் சுகமாக நிற்கிறதோ அதுதான் அவர் கட்டை. நாகப்பனுக்கு இதெல்லாம் விரல் நுனியில். நாலு வயதில் அம்மை போட்டுக் கண் போனவன். பூந்தமல்லியில் கண் தெரியாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே நாற்காலி பின்னவும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆர்மோனியமும் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு வேளைச் சோறு நிச்சயம். இவன் ஆர்மோனியப் பொட்டியைப் பிடித்துக்கொண்டான்.

வானகரத்தில் ஓர் ஆடி மாதம், கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வாசிக்கப் போன இடத்தில், கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு பெண் அம்மன் பாட்டு எடுத்தாள். இவன் விரல் தானாக ஓடிப்போய் ஒரு கறுப்புக் கட்டையில் உட்கார்ந்தது. ஐந்தரை. அவள் முகம் தெரியாது, நிறம் தெரியாது, கழனி வேலைக்காரன் மகள் என்பதுகூட அப்புறம் கேட்டுத்தான் தெரியும். ஐந்தரை என்பது மட்டும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அடுத்த தையில் கல்யாணம்.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம், பிள்ளை குட்டி இல்லை, கள்ளிக்குப்பத்தில் ஒரு குடிசை, ரயிலில் பாட்டு. காலையில் அம்பத்தூரில் ஏறி ஆவடிக்குப் போவார்கள். அங்கிருந்து பாடிக்கொண்டே வில்லிவாக்கம் வரை வருவார்கள். அதற்கு அந்தப்பக்கம் வேறு பாட்டுக்காரர்களின் எல்லை, கால் வைத்தால் அடிதடி. இந்த வண்டிகளில் பெட்டிக்குப் பெட்டி உள்வழி கிடையாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குதித்து இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓட வேண்டும். "எறங்கு", "படி கீது", "கம்பியப் புடி" என்று வேம்புலி சொல்வாள், நாகப்பன் செய்வான். கழுத்தில் பொட்டி, இரண்டு கையும் அதன்மேல். தடி பிடிக்கக் கை ஏது அவனுக்கு? அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான்.

போன வருஷம் பொங்கல் கழிந்து நாலாம் நாள், வண்டி அண்ணனூர் தாண்டும்போது, மேலே போன அவள் குரல் ஒரு நொடி பிசிறியது. பெட்டியில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நாகப்பன் அடுத்த பாட்டுக்கு ஓசைப்படாமல் விரலை ஒரு கட்டை தள்ளி ஐந்தில் வைத்தான். பாட்டு வழுக்கிக்கொண்டு போயிற்று. அவளிடம் சொல்லவில்லை. பாடுகிறவளிடம் உன் தொண்டை இறங்கிவிட்டது என்று சொல்வது பாவம் என்று நினைத்தான். சித்திரையில் நாலரைக்கு வந்தான். ஆடியில் நாலு. இந்த வருஷம் மாசியில் மூன்று. ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருந்தான். பனி. தூசி. நேற்றுத் தின்ற கருவாடு. இறக்கினதும் அவளுக்குச் சுகமாகிவிடும். "இன்னிக்கு நல்லா வந்துச்சுய்யா" என்பாள். இவன் உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொள்வான். ஆகா, எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரத்தனம்! கூரை ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரத்தை நகர்த்தி வைக்கிறவன் கெட்டிக்காரன் என்றால், நாகப்பனும் கெட்டிக்காரன்தான்.

கட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் வேம்புலி எப்போதும் ஒன்றுதான் சொல்வாள்: "எனக்கு இன்னாத்த தெரியும் கட்டையும் குட்டையும்? நீ அமுக்கு, நான் பாடறேன்." அதை அட்சரம் பிசகாமல் நம்பினான் மடையன்.

பனி, சளி என்று நாகப்பன் அன்றைக்கு ரயிலில் சொன்ன சமாதானத்தைச் சண்முகசுந்தரம் நம்புகிற ஆள் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடும்பம். தொழிற்சாலைக்காக அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் கடைந்து தரும் சாமான்களை அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் தள்ளிவிடுகிற உத்தியோகம். சனிக்கிழமை குவார்ட்டர்ஸ் பிள்ளையார் கோயில் பஜனையில் ஆர்மோனியமும் வாசிப்பார். இந்தப் பதினெட்டு மாதமும் வேம்புலியின் குரலையும் அளந்துகொண்டேதான் வந்திருக்கிறார்.

"சளி பிடிச்சா தொண்டை எறங்கும், திரும்ப ஏறும்," என்றார் அவர் மெதுவாக. "ஏறவே இல்லைன்னா அது சளி இல்லப்பா. கிறுக்கா உனக்கு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம கட்டையைப் போட்டு நகத்திக்கிட்டு இருக்கியே."

நாகப்பனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெரிய இவர், பொட்டியில் குறை கண்டுபிடிக்க வந்துவிட்டார் என்று. கோபம் அம்பத்தூர் வரைக்கும் தாங்கவில்லை.

அடுத்த வாரம் சண்முகசுந்தரமே ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவரையும் அழைத்துப்போனார். தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள். இன்னொரு நாள் வரச்சொல்லித் துளி சதை எடுத்தார்கள். மூன்றாம் தடவை போனபோது டாக்டரம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் சத்தத்திலேயே நாகப்பனுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"குரல் எப்பம்மா மாற ஆரம்பிச்சது?"

"இப்பதாம்மா," என்றாள் வேம்புலி கரகரத்து. "ஒரு ரெண்டு மாசமா."

பொங்கல் கழிந்து நாலாம் நாள், அண்ணனூர் தாண்டி, என்று நாகப்பனின் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டான். அவளுக்குத்தான் தெரியாதே, அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா விவரம் சொன்னார். குரல்வளையில் புற்று. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்தே சரி பண்ணியிருக்கலாம், குரலும் தங்கியிருக்கும். இப்போது குரல்வளையையே எடுத்தாக வேண்டும். கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விட வைப்பார்கள். உயிர் நிற்கும். பேச்சு வராது, பாட்டு வரவே வராது. அடுத்த வியாழக்கிழமை வந்து படுக்கையில் சேர வேண்டும். அந்தத் தேதியை விட்டால் மறுபடி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும்.

"ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. கையெழுத்து வேணும்," என்றார்.

ஒரு வருஷம் முன்னால். நாகப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அப்போது நாலில் இருந்தாள். நாலுக்கு இறக்கின அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஏன்மே தொண்டை வலிக்குதா என்று ஒரே ஒரு வார்த்தை, முடிந்தது. அடப்பாவி, விரலை நகர்த்தத் தெரிந்தவனுக்கு வாயைத் திறக்கத் தெரியாமல் போய்விட்டதே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடிசையில் வேம்புலி கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் வரலய்யா."

"இன்னாமே சொல்ற?"

"கயுத்துல ஓட்டைய போட்டுகினு நான் இன்னா பண்ணப் போறேன்? பாட்டு பூட்ச்சின்னா கிண்ணத்துல எவன் போடுவான்?"

"நான் பாடறேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. "நீயா? உன் தொண்டய கேட்டா வண்டியே தண்டவாளத்த வுட்டு எறங்கிடும்யா."

நாகப்பனும் சிரித்துத் தொலைத்தான். சிரித்துக்கொண்டே அவள் கையைத் தேடிப் பிடித்து, "செத்துப் பூடுவ, மே," என்றான். அதைச் சொன்னதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"துட்ட வுடு," என்றாள் வேம்புலி. இப்போது அவள் பேசுவதே காற்றும் சத்தமும் பாதிப்பாதி. "நான் வாயில்லாம பூட்டா, நான் எங்க கீறேன்னு உனக்கு எப்டிய்யா தெரியும்? நான் அடுப்பாண்ட குந்திகினு இருப்பேன், நீ செவுத்த பாத்துப் பேசிகினு இருப்ப. அத்த நான் பாத்துகினே உசுரோட இருக்கணுமா?"

மூன்று நாளாக அவனும் அதைத்தான் நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேம்புலி என்றால் அந்தக் குரல். கை உண்டு, கையில் கண்ணாடி வளையல் உண்டு, தலையில் சீயக்காய் வாசனை உண்டு. ஆனால் எதிரே ஒரு மனுஷி இருக்கிறாள் என்று சொன்னது அந்தக் குரல்தான். அது போனால் அவளும் மற்ற எல்லாவற்றையும்போல இருட்டுக்குள் போய்விடுவாள். இருக்கிறவரை குரல் இருக்கட்டுமே, அவள் இஷ்டப்படியே விட்டுவிடலாமே என்று ஒரு நிமிஷம், கடவுள் மன்னிக்கட்டும், ஒரு நிமிஷம் அவன் நினைத்தான். நினைத்த வேகத்தில் தன் கன்னத்தில் தானே பளாரென்று அறைந்துகொண்டான்.

"பைத்தியம் புட்ச்சிக்கிச்சா?" என்று வேம்புலி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

திங்கட்கிழமை கெஞ்சிப் பார்த்தான். மசியவில்லை. சண்முகசுந்தரம் சொல்லிப் பார்த்தார். "உங்க குரலை டேப்புல பிடிச்சு வச்சிருவோம்மா, எப்ப வேணும்னாலும் போட்டுக் கேக்கட்டும்," என்று அவர் சொன்னதற்கு, "நல்லா இருந்தப்போ எவனும் புடிக்கல, இப்ப இந்தத் தொண்டய புட்ச்சி இன்னா சார் பண்றது?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை நாகப்பன் ஒரு முடிவுக்கு வந்தான். தனியாகப் போய்ப் பாடிச் சம்பாதித்து வந்து, கிண்ணத்தை அவள் காதருகே குலுக்கிக் காட்டுவது. பார்த்தாயா, நீ இல்லாமலே ஆகும், போய்ப் படுத்துக்கொள் என்பது. "போ, போ, போய்தான் பாரு," என்று வேம்புலி பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் பொட்டியை மாட்டி, கிண்ணத்தை அதன் முனையில் கயிற்றால் கட்டி, அம்பத்தூர் ஸ்டேஷன் வரை வழியில் போகிறவர்களைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தான்.

ஆவடியில் வண்டி புறப்பட்டதும் பாட ஆரம்பித்தான். வாசிக்கிறவனுக்குச் சுருதி சுத்தமாகத் தெரியும், தொண்டைதான் கேட்காது. தன் குரல் எங்கெங்கே தப்புகிறது என்று அணு அணுவாகத் தெரிந்துகொண்டே பாடுவதைப் போல ஒரு தண்டனை உண்டா? திருமுல்லைவாயிலில் ஏறிய காலேஜ் பையன்கள் கூடவே பாடிக் கேலி பண்ணினார்கள். "பெரியவரே, பொட்டிய மட்டும் வாசி, புண்ணியமா போவும்," என்றான் ஒருத்தன். பெட்டியே சிரித்தது. நாகப்பன் விடவில்லை. இன்னும் உரக்கப் பாடினான். அழுதுகொண்டே பாடினான் என்றாலும் தப்பில்லை. சில்லறை விழாமல் இல்லை. சிரித்த கை இரண்டு மூன்று போட்டது, அதற்கு எறிந்த கல்லே தேவலை.

இங்கேதான் அவன் ஒன்றை மறந்துபோனான். அவள் பாடுவாள், அவன் கேட்பான், இப்படித்தான் பதினாறு வருஷம். பொட்டியை வாசித்துக்கொண்டே தண்டவாளத்தையும் கேட்டுக்கொண்டிருப்பான். பாலம் வந்தால் ஒரு சத்தம், கேட் வந்தால் ஒரு சத்தம், எந்த ஸ்டேஷன் என்று அவள் சொல்வதற்கு முன்பே காது சொல்லிவிடும். இன்றைக்குத் தானே தொண்டை கிழியக் கத்தியதில் காது அடைத்துப்போயிற்று. அம்பத்தூர் தாண்டியது தெரிந்தது, பட்டரவாக்கம் தாண்டியது தெரிந்தது. அப்புறம் வண்டி வேகம் குறைந்து நின்றது. கொரட்டூர் வந்துவிட்டது, இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓட வேண்டும் என்று வாசலுக்கு வந்து, கம்பியை விட்டு, காலைத் தூக்கி வெளியே வைத்தான்.

அது கொரட்டூர் இல்லை. சிக்னலுக்காக வெட்டவெளியில் நின்ற வண்டி. அந்தப் பக்கம் பிளாட்பாரமும் இல்லை, பக்கத்துத் தண்டவாளம்தான் இருந்தது. அதில் அரக்கோணம் போகிற வண்டி அலறிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவன் சட்டைக் காலரையும் பொட்டியின் வாரையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். கிண்ணம் தெறித்து உருண்டது. எதிர் வண்டியின் காற்று முகத்தில் அடித்துவிட்டுப் போய் முடியும்வரை நாகப்பனுக்கு எதுவும் விளங்கவில்லை. அப்புறம் கழுத்தோரம் ஓர் உடைந்த கண்ணாடி வளையல் குத்தியது. காதுக்குப் பக்கத்தில், ஹ்ஹா ஹ்ஹா என்று, சத்தமே இல்லாத வெறும் காற்று.

"வேம்பு? ஏமே, நீயா?"

"அந்தம்மா காத்தாலேர்ந்து உன் பின்னாடியேதான் வருது நைனா," என்றது ஒரு பெண் குரல். கொய்யாப்பழம் விற்கிற நாகவல்லி, வண்டியில் தினமும் பார்க்கிறவள். "ஊட்லேர்ந்தே பின்னாடி வந்துச்சாம், உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. நீ கால வெச்சப்போ அது கத்துச்சு பாரு, வாய இம்மாம் பெருசா தொறந்து கத்துச்சு. சத்தமே வர்ல. அப்பால பாஞ்சி வந்து புட்ச்சிச்சு."

காலையிலிருந்து அவனுக்குப் பத்தடிக்குள்தான் இருந்திருக்கிறாள். அவனுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. நாகப்பன் தரையில் உட்கார்ந்தபடியே அவளைக் கட்டிக்கொண்டு, பெட்டி முழுக்கப் பார்க்க, ஓவென்று அழுதான். அவன் அழுது முடிகிறவரை வேம்புலி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வர வேண்டிய நேரத்துக்கு வர்லியே," என்றாள் அப்புறம், காற்றுக் குரலில். "இன்னாத்துக்கு இந்தக் கொரலு? வியாய்க்கெயம போலாம்யா."

போனார்கள். அவளுக்குக் கையெழுத்துப் போட வராது, இவனுக்கும் வராது. இரண்டு கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். பெண்கள் வார்டில் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் வராந்தாவிலேயே கிடந்தான். பார்வை நேரத்தில் உள்ளே போய் ஒவ்வொரு கட்டிலாகத் தடவிக்கொண்டு வருவான். ஏழாவது கட்டிலில் ஒரு கை வந்து அவன் கையைப் பிடிக்கும். அவள் கழுத்துக் குழாயில் மூச்சு புஸ்புஸ்ஸென்று போய் வரும். அந்தச் சத்தத்துக்கு ஒரு கட்டையும் கிடையாது. எத்தனையோ தடவை காதைக் கிட்டே வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டான்.

கையில் ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொடுத்த பாஷை. சாப்பிட்டியா, ஒரு தட்டு. வலிக்குதா, இரண்டு தட்டு, பொய். அதற்கு மேல் அந்தப் பாஷையில் என்ன பேச முடியும்? ஊருக்கே கேட்கப் பாடினவளுக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே சொல் மிச்சம்.

மூன்று மாதம் கழித்து, மார்கழியில், மறுபடி ஆவடி எட்டேகால் வண்டி. வேறு வழி? குடிசையில் உட்கார்ந்திருந்தால் உலை கொதிக்குமா? வேம்புலி கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள், அவன் சட்டையைப் பிடித்து ஏற்றினாள், இழுத்து நிறுத்தினாள். "வாங்கம்மா, வா நாகப்பா," என்று சண்முகசுந்தரத்தின் குரல் ஜன்னலோரத்திலிருந்து கேட்டது.

பாட ஆள் இல்லை. பொட்டியை மட்டும் வாசிப்பது என்று முடிவு. நாகப்பன் துருத்தியை அமுக்கினான். விரல் தானாகப் போய் இரண்டரையில் உட்கார்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கடைசியாக அவள் பாடிய கட்டை அதுதான். விட்ட இடத்திலிருந்து அம்மன் பாட்டைத் தொடங்கினான். முனகுகிற மாதிரி இருந்தது. "பாட்டு இல்லியாப்பா?" என்று யாரோ கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்கள்.

வலப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவன் விரலைப் பிடித்தது. ஜில்லென்று இருந்தது. அவன் விரலைத் தூக்கி, பக்கத்துக் கட்டையில் வைத்து அமுக்கியது. மூன்று. அடுத்தது, நாலு. பிறகு கறுப்புக் கட்டை, நாலரை. பிறகு ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு கணம் நின்று, அமுக்கி, அப்புறம் மேலே. அவன் பதினெட்டு மாதமாக எந்தெந்தப் படியில் இறங்கினானோ அந்தந்தப் படி, ஒன்றுகூடத் தப்பாமல், தலைகீழாக. கடைசியில் ஐந்தரைக்கு வந்து, அவன் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

கண் இருக்கிறவள் அல்லவா அவள்! விரல் நகர்வது அவனுக்குத்தான் இருட்டு. அவள் பக்கத்தில் நின்று, அந்த விரலைப் பார்த்துக்கொண்டுதானே பாடினாள்? ரகசியமாம், ரகசியம்! பட்டப்பகலில், அவள் மூக்குக்கு நேரே, ஒவ்வொரு கட்டையாக நகர்த்திவிட்டு அவளுக்குத் தெரியாது என்று நம்பியிருக்கிறான்.

"உனக்குத் தெரியுமா, மே?" என்றான் நாகப்பன்.

விரலின் மேல் ஒரு தட்டு.

"மொத நாளே?"

ஒரு தட்டு.

அப்படியென்றால் டாக்டரம்மாவிடம் இரண்டு மாதம் என்று சொன்னது? யாரைக் காப்பாற்ற? "பின்ன ஏன்மே ஒரு வார்த்த சொல்லல? வலிக்குதுன்னு ஒரு வார்த்த?"

ஆமாம், இல்லை என்று இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவள் மூச்சு மட்டும் துணிக்குள் போய் வந்தது. வண்டி அண்ணனூரில் நின்று கிளம்பியது. அவர்கள் இறங்கவில்லை.

நாகப்பன் ரொம்ப நேரம் யோசித்து, கேட்கவே பயந்து, கேட்டான். "நானா கேப்பேன்னு பாத்துகினு இருந்தியா?"

அவன் விரல் மேலிருந்த விரல் உடனே அசையவில்லை. பிறகு ஒரு தட்டுத் தட்டியது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தான். இன்னொன்று விழுந்தால் இல்லை என்று ஆகிவிடும். துருத்தியை அமுக்கிக்கொண்டே, ஐந்தரையை விடாமல் பிடித்துக்கொண்டே காத்திருந்தான். திருமுல்லைவாயில் வந்தது. வேம்புலி அவன் விரலை விட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்து இழுத்தாள், இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓட வேண்டும்.